காலிமுகத்திடல் கோல்ப் மைதானம் (1879–1896): என்ன எழுதலாம், எங்கே தேடலாம்?

வாவிக்கரை:

வணக்கம். கொழும்பின் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டிப் பக்கத்துப் பழைய இடங்களைப் பற்றி எங்கள் வாசிகசாலையில் ஒரு சிறு கண்காட்சி வைக்கிறோம். அதில் 3 பதாகைகள் காலிமுகத்திடலில் இருந்த கோல்ப் மைதானத்துக்கு. பதாகைக்கு 150 சொல். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் கிடைப்பது ஒரே வரிதான்: முன்பு அங்கே விளையாடினார்கள், பிறகு பொரளைக்குப் போனார்கள். எனக்குத் தேவை இவை. எந்த ஆண்டுகளை உறுதியாக எழுதலாம்? ஏன் இடம் மாறினார்கள்? எத்தனை ஹோல் (பந்தை விழுத்தும் குழி) இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திடலில் எந்த இடம் என்று வரைபடத்தில் காட்ட முடியுமா?

இன்னொன்று. காட்சிக்கு வைக்கச் சொல்லி 3 பொருள்கள் வந்திருக்கின்றன: மரப்பிடியும் இரும்புத் தலையும் கொண்ட ஒரு கோல், குழிக்குழியாக உள்ள ஒரு பழைய பந்து, காலிமுகத்திடல் படம் போட்ட ஒரு தபாலட்டை. “காலிமுகத்திடல் கோல்ப் காலத்துச் சாமான்” என்று எழுதிவிடலாமா?

சுவடிக்கட்டு:

வாவிக்கரை, முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்து வையுங்கள். கழகம் வேறு, மைதானம் வேறு. கொழும்பு கோல்ப் கழகம் 1879 இல் தொடங்கி இன்று வரை இருக்கிறது. இல்லாமல் போனது கடலோர மைதானம்தான். “முன்னாள் கோல்ப் கழகம்” என்று தலைப்புப் போட்டால் முதல் வரியிலேயே பிழை. “கழகத்தின் முதல் மைதானம்” என்று போடுங்கள்.

உறுதியாக எழுதக்கூடிய ஆண்டுகள் இவை. 1879 இல் கழகத் தொடக்கம், விளையாட்டு காலிமுகத்திடலில். 1896 இல் பொரளைக்கு இடமாற்றம். 1928 இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கொடுத்த ‘றோயல்’ பட்டம். ஆகவே “றோயல் கொழும்பு கோல்ப் கழகம் காலிமுகத்திடலில் விளையாடியது” என்ற வாக்கியம் எங்கே வந்தாலும் திருத்துங்கள். கடற்கரையை விட்டு 32 ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அந்தப் பட்டம் வந்தது.

புதிய மைதானத்துக்கு வைத்த பெயர் றிஜ்வே லிங்ஸ். ஜோசப் வெஸ்ட் றிஜ்வே 1896 இல் தேசாதிபதியாக வந்தார், 1903 வரை இருந்தார். அதனால் ஒரு பத்திரிகைத் துண்டிலோ பரிசுக் கிண்ணத்திலோ ‘றிஜ்வே’ என்று இருந்தால் அது கடற்கரைக் காலத்தைச் சேர்ந்ததல்ல என்று ஒரே பார்வையில் தள்ளிவிடலாம். குதிரைப் பந்தயத்துக்கும் இதே கதைதான். அதுவும் முன்பு காலிமுகத்திடலில்தான் நடந்தது. 1893 இல் கறுவாத்தோட்டத்துக்குப் போனபோது, 1890 முதல் 1895 வரை தேசாதிபதியாக இருந்த ஹவ்லொக்கின் பெயரை வைத்தார்கள். அந்தக் காலத்து மைதானங்களுக்குப் பதவியில் இருந்தவரின் பெயரை வைக்கும் பழக்கம் நமக்குத் தேதிக் குறிப்பாக உதவுகிறது.

போன இடம் அரசாங்கத்தின் மாதிரிப் பண்ணைக் காணி. மொடல் ஃபார்ம் வீதி என்ற பெயர் இன்றும் பொரளையில் இருக்கிறது, கழகமும் அந்த வீதியில்தான் இருக்கிறது. 1902 இல் அவிசாவளை வரை திறந்த களனிவெளி புகையிரதப் பாதை அந்த மைதானத்துக்கு நடுவாலேயே போகிறது. இது 2 ஆம் பதாகைக்கு நல்ல விஷயம், வாசகர் நேரில் போய்ப் பார்க்கக்கூடியது.

ஏன் மாறினார்கள் என்பதற்கு ஒற்றைக் காரணம் எழுதாதீர்கள். திடலின் நிலைமையை எழுதுங்கள், அது போதும். கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பில்லாமல் இருக்க ஒல்லாந்தர் வெளியாக வைத்த நிலம் அது. பிறகு ஆங்கிலேயர் பந்தயம் ஓடினார்கள். தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் கடலோர நடைபாதையை முடித்தார். கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பின்வருபவர்கள் பேண வேண்டும் என்று அவர் வைத்த கல் திடலில் இருக்கிறது, அதைப் படம் எடுத்துப் பதாகையில் போடுங்கள். கோல்ப் வந்தது அந்தக் கல்லுக்கு 20 ஆண்டுகள் பிந்தி. அதாவது முதல் நாளிலிருந்தே அது பொதுமக்கள் காற்று வாங்க நடந்த நிலத்தில் ஆடிய ஆட்டம். 1864 இலிருந்து தெற்கு முனையில் காலிமுக ஹோட்டல். 1885 இல் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு முடிந்த பிறகு காலியில் நின்ற கப்பல்கள் கொழும்புக்கு வரத் தொடங்கின, இறங்கிய பயணிகளும் மாலையில் இங்கேதான் வந்தார்கள்.

புல்தரை:

சுவடிக்கட்டு சொன்ன நெரிசலை அளவோடு பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும்.

இன்றைய திடல் ஏறக்குறைய 5 ஹெக்டேயர், நீளம் 500 மீற்றர் அளவு. அப்படியென்றால் சராசரி அகலம் 100 மீற்றர். அந்தக் காலத்தில் திடல் இதைவிடப் பெரியது, ஆனால் வடிவம் அதேதான்: ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வீதி, நடுவே நீண்ட பட்டை. இன்று 9 ஹோல் மைதானம் ஒன்றைச் சாதாரண அளவில் போட 25 முதல் 30 ஹெக்டேயர் வரை தேவை. 1879 இல் அவ்வளவு தேவைப்படவில்லை. காரணம் பந்து. அப்போது இருந்தது கட்டாபேர்ச்சா என்ற மரப்பாலில் செய்த திண்மப் பந்து. நன்றாக அடித்தால் 150 இலிருந்து 180 யார் வரை போகும். 500 மீற்றர் என்பது 547 யார், அதாவது முனையிலிருந்து முனைக்குப் போக மூன்று தடவைக்குச் சற்று மேல் அடிக்க வேண்டும். அந்தப் பந்துக்கு அந்த நிலம் போதும்.

போதாதது அகலம். நீளப் பட்டையில் ஹோல்களைத் தெற்கே போய் வடக்கே திரும்புவதாகத்தான் போட முடியும். போகிறவர்களும் வருகிறவர்களும் பக்கம் பக்கமாக அடிப்பார்கள். இப்போது மைதானம் வடிவமைப்பவர்கள் பந்து விழும் இடத்தில் நடுக்கோட்டிலிருந்து எல்லை வரை 45 முதல் 60 மீற்றர் விடுவார்கள். 100 மீற்றர் அகலத்தில் அப்படி ஒரு வரிசைதான் அடங்கும், இரண்டு அடங்காது.

காற்றையும் சேர்த்துப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். வலக்கைக்காரர் பந்தை வெட்டினாற்போல் அடித்தால் அது வலப்பக்கம் வளையும், பழகாதவர்கள் அதிகம் அடிப்பதும் அப்படித்தான். கோட்டையிலிருந்து தெற்கே அடிக்கும்போது வலப்பக்கம் கடல். பந்து கடலை நோக்கி வளைந்தாலும் எதிர்க்காற்று அதைத் திடலுக்குள்ளே தள்ளிவிடும். திரும்பி வடக்கே அடிக்கும்போது வலப்பக்கம் வீதி. வளைவும் வீதிக்கு, காற்றும் வீதிக்கு, அதுவும் பின்காற்று. குதிரை வண்டிகள் போகும் வீதியில் ஒன்றரை அவுன்ஸ் திண்மப் பந்து போய் விழும். முதல் பதாகையில் ஒரு அம்புக்குறிப் படம் போட இடமிருந்தால் இதைப் போடுங்கள், பத்து வரி மிச்சம்.

திடலைத் தோண்டியோ உற்றுப் பார்த்தோ பழைய கிறீனை (குழியைச் சுற்றியுள்ள புல்வட்டத்தை) கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நேரத்தை வீணாக்க வேண்டாம். இன்றைய கிறீன் கட்டப்படுவது: அடியில் வடிகால் குழாய், மேலே சரளைக்கல், அதற்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு மணற்கலவை. அப்படியானதைக் கைவிட்டாலும் நிலத்துக்குள் தடயம் இருக்கும். 19 ஆம் நூற்றாண்டில் கடலோர மைதானத்துக் கிறீன் என்பது இருந்த புல்லைக் குட்டையாக வெட்டிய ஒரு வட்டம், அவ்வளவுதான். அருகம்புல் உப்புக் காற்றைத் தாங்கும், வெட்ட வெட்டப் படரும், அதனால் தனியாக விதைக்கவே தேவையில்லை. வெட்டுவதை நிறுத்திக் கொழும்பின் ஓர் இடைப்பருவ மழை பெய்தால் வட்டம் மறைந்துவிடும். கடல் பக்கம் மணல் மேட்டில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் பிடித்த இடங்கள் இயற்கையான பங்கர்களாக (மணல் தடைகளாக) இருந்திருக்கக் கூடியவை, ஆனால் அந்தக் கரையே இப்போது கல் அணைக்குள் போய்விட்டது.

பந்தயம் 1893 வரை இருந்ததால் குளம்படியையும் கணக்கில் எடுங்கள். ஈரத்தில் குதிரை ஓடிய தரையில் குளம்புக் குழி காய்ந்து இறுகிவிட்டால் பந்து உருளாது. இரண்டு ஆட்டமும் ஒரே தரையில் 14 ஆண்டுகள் இருந்தன என்பது சும்மா ஒரு தகவல் இல்லை, பராமரிப்பில் அது தினசரித் தலையிடி.

வாவிக்கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. அம்புக்குறிப் படம் கட்டாயம் போடுகிறோம். ஹோல் எண்ணிக்கைக்கு எந்தப் பதிவைப் பார்ப்பது? பழைய பத்திரிகையில் போட்டி முடிவு மட்டும்தான் இருக்கும், அதிலிருந்து எப்படி எடுப்பது?

சுவடிக்கட்டு:

போட்டி முடிவே போதும், வாசிக்கத் தெரிந்தால்.

இரண்டு வகை முடிவு வரும். ஒன்று மொத்த அடிகளை எண்ணும் போட்டி. பெயருக்கு எதிரே 3 எண்கள் இருக்கும்: அடித்த மொத்தம், சலுகை (ஆடுபவரின் திறனைப் பார்த்துக் கழிக்கும் அடிகள்), கழித்து வந்த மிச்சம். மொத்தம் 40, 50 என்று இருந்தால் ஏறக்குறைய 9 ஹோல் ஆட்டம். 85, 100 என்று இருந்தால் 18. இங்கேதான் எல்லோரும் சறுக்குவது: 18 ஹோல் ஆடினார்கள் என்றால் நிலத்தில் 18 குழிகள் இருந்தன என்று பொருளில்லை. 9 குழியை இரண்டு தரம் சுற்றலாம், 6 குழியை மூன்று தரம் சுற்றலாம். பதாகையில் “18 ஹோல் ஆட்டம்” என்பதையும் “18 ஹோல் மைதானம்” என்பதையும் கலக்காதீர்கள்.

மற்றது இருவர் நேருக்கு நேர் ஆடி ஹோல் ஹோலாக வெல்லும் போட்டி. அதன் முடிவு “5க்கு 4” என்பதுபோல் வரும். 5 ஹோல் முன்னிலை, ஆட இன்னும் 4 மிச்சம் என்று பொருள். இதில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு எண்களையும் கூட்டினால் வரும் தொகை அந்தச் சுற்றின் ஹோல் எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது, ஏனென்றால் ஆடிய ஹோல்களைவிட அதிகமாக யாரும் முன்னிலை பெற முடியாது. “5க்கு 4” என்றால் 9, அது 9 ஹோல் சுற்றிலும் நடக்கலாம். “6க்கு 5” என்று ஒரு முடிவைக் கண்டால் சுற்று குறைந்தது 11, ஆகவே 9 அல்ல. ஓர் ஆண்டு முடிவுகளை முழுக்க எழுதி, கூட்டுத்தொகையில் பெரியதைப் பாருங்கள். இறுதிப் போட்டிகளை மட்டும் தனியாக வையுங்கள், அவற்றை இரட்டைச் சுற்றாக ஆடுவதுண்டு.

எங்கே பார்ப்பது: கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். சிலோன் ஒப்சேவர் 1834 இலிருந்து, டைம்ஸ் ஒஃப் சிலோன் 1846 இலிருந்து வந்தவை, நமக்கு வேண்டிய 17 ஆண்டுகளும் இவற்றுக்குள் அடங்கும். அடையாள அட்டையோடு போய் வாசகர் அனுமதி எடுக்க வேண்டும். பேனா கொண்டுபோக வேண்டாம், பென்சில் மட்டும். “1879 முதல் 1896 வரை” என்று கேட்டு உட்காராதீர்கள், மாதக்கணக்கில் முடியாது. பின்னாலிருந்து வாருங்கள்: முதலில் 1896, பிறகு 1895. இடம் மாறும்போதுதான் பழைய இடத்தைப் பற்றி எழுதுவார்கள், குறையும் சொல்வார்கள். அதற்குப் பிறகு 1893, பந்தயம் வெளியேறிய ஆண்டு. கடைசியாக 1879.

விளையாட்டுப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டாதீர்கள். ஆசிரியருக்கு வந்த கடிதங்கள், மாநகர சபைக் கூட்டச் செய்தி, பொலிஸ் கோட்டுச் செய்தி, இந்த மூன்றில்தான் திடலில் பந்து பட்ட சண்டைகள் இருந்தால் இருக்கும். கொழும்பு மாநகர சபை 1865 இலிருந்து உண்டு, அதன் ஆண்டறிக்கைகளில் காலிமுகத்திடல் என்ற தலைப்பைத் தேடுங்கள். வர்த்தமானி 1802 இலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. ஆண்டுதோறும் வந்த பர்கசன் டிரெக்டரியில் கழகங்களின் பட்டியல் வரும். அதில் உள்ளது அச்சான ஆண்டுக்கு முந்திய நிலைமை என்பதை மறக்காதீர்கள்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடியது: அவுஸ்திரேலியாவின் ட்ரோவ் என்ற பழைய பத்திரிகைத் தளம், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம், இரண்டும் இலவசம். அவுஸ்திரேலியக் கப்பல்கள் கொழும்பில் நின்று போனதால் பயணிகள் எழுதிய கொழும்பு வர்ணனை ட்ரோவில் நிறைய உண்டு. சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் இலங்கை விளையாட்டுச் செய்தியை எடுத்துப் போட்டன. ‘காலி’ என்று மட்டும் தேடினால் காலி நகரம் முழுக்க வந்து குவியும். திடலின் முழுப் பெயரையும் கோல்ப் என்ற சொல்லையும் சேர்த்து, 1879 முதல் 1897 என்று ஆண்டு எல்லை போட்டுத் தேடுங்கள். எழுத்துணரி (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பழைய அச்சைத் தப்பாகப் படிப்பதால் ‘கோல்ப்’ என்பது ‘கல்ஃப்’ ஆகவும் ‘கோல்ட்’ ஆகவும் பதிவாகியிருக்கும், அந்த வடிவங்களையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள்.

சங்கிலி:

வரைபடப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

நாரஹேன்பிட்டி, கிருள வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களத்தில் பழைய படப் பிரதிகள் கேட்கலாம். என்ன அளவுத்திட்டம் என்று முதலில் தீர்மானியுங்கள். மைலுக்கு ஓர் அங்குலப் படம் 1க்கு 63,360. அதில் 1 மில்லிமீற்றர் தரையில் 63 மீற்றர். 100 மீற்றர் அகலத் திடலில் ஓர் இடத்தைக் காட்ட அது உதவாது. உங்களுக்கு வேண்டியது நகரப் படம். அங்குலத்துக்கு 4 சங்கிலி (ஒரு சங்கிலி 66 அடி) என்றால் 1க்கு 3,168, 1 மில்லிமீற்றர் தரையில் 3.2 மீற்றர். 2 சங்கிலி கிடைத்தால் அதைவிடத் திறம்: 1க்கு 1,584.

படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து கொடுக்கச் சொல்லுங்கள். மடிப்பை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்க்க வேண்டாம். துணி ஒட்டிய பழைய படம் நீளத்திலும் அகலத்திலும் வெவ்வேறு அளவில் சுருங்கியிருக்கும், ஓரத்தில் உள்ள அளவுகோலை அளந்து பார்த்தால் எவ்வளவு என்று தெரியும்.

பிறகு கியூஜிஐஎஸ் மென்பொருளில் இன்றைய படத்தின் மேல் பொருத்த வேண்டும். இது இலவச மென்பொருள். ஆள்கூற்று முறைமை இலங்கை 1999, இலக்கம் ஈபிஎஸ்ஜி 5235. பழைய கண்டாவல முறைமை 5234. இரண்டையும் மாற்றிப் போட்டால் படம் கிழக்கு-மேற்காகவும் வடக்கு-தெற்காகவும் 300 கிலோமீற்றர் வீதம் தள்ளிப் போய்க் கடலில் விழும், ஏனென்றால் ஒன்றில் தொடக்கப் புள்ளிக்கு 200,000 மீற்றர், மற்றதில் 500,000 மீற்றர். படம் காணாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

பொருத்தும் புள்ளிகளை 1896 க்கு முன் கட்டி இன்றும் அசையாமல் நிற்கும் கட்டடங்களில் எடுங்கள். கோட்டைச் சதாம் வீதிச் சந்தியில் 1857 இல் கட்டிய மணிக்கூட்டுக் கோபுரம், காலிமுகக் கிறிஸ்து தேவாலயம், ஹோட்டலின் பழைய பகுதியின் மூலை, தாஜ் சமுத்திரா வளவுக்குள் நிற்கும் பழைய கொழும்புக் கழகக் கட்டடம். கணக்குக்கு 3 புள்ளிகள் போதும், ஆனால் 6 இலிருந்து 10 வரை எடுங்கள். இவற்றைத் திடலைச் சுற்றிப் பரவலாக எடுக்க வேண்டும், எல்லாம் கோட்டைப் பக்கமே இருந்தால் தெற்கு முனை திரும்பிவிடும். மென்பொருளில் படத்தைப் பொருத்தும் கணக்கு மாற்றம் (பல்லுறுப்புக்கோவை) முதலாம் படியிலேயே இருக்கட்டும். இரண்டாம், மூன்றாம் படிக்கு மாற்றினால் பிழை எண் குறைவாகக் காட்டும், ஆனால் புள்ளிகளுக்கு இடையில் படம் நெளிந்திருக்கும். 4 சங்கிலிப் படத்துக்கு எஞ்சிய பிழை 5, 6 மீற்றருக்குள் வந்தால் பதாகைக்கு அது நல்ல வேலை.

கடற்கரைக் கோட்டை ஒருபோதும் பொருத்தும் புள்ளியாக எடுக்காதீர்கள். அணை கட்டியது, மண் அள்ளியது, 2014 இல் தொடங்கி வடக்குப் பக்கம் 269 ஹெக்டேயர் கடலை நிரப்பியது என்று அந்தக் கோடு மாறியபடியே இருக்கிறது. படத்தைப் பொருத்தி முடித்த பிறகு பழைய கரையையும் இன்றைய கரையையும் இரண்டு நிறத்தில் போட்டுக் காட்டுங்கள். திடல் எவ்வளவு சுருங்கியது என்பதைப் பார்ப்பவர் தாமே பார்த்துக்கொள்வார். பந்தய ஓடுபாதை படத்தில் நீள்வட்டமாக இருந்தால் அதையும் வரையுங்கள். கிறீன்கள் நகரப் படத்தில் குறிக்கப்படாமல் இருந்தால், கோல்ப் திடலில் இருந்தது என்று சொல்லி எல்லையை மட்டும் நிறம் தீட்டுங்கள். ஊகித்துக் குழி குத்தாதீர்கள். பதாகையில் போட்ட ஒரு புள்ளியை அடுத்த ஆண்டு இன்னொருவர் ஆதாரமாக எடுத்து எழுதுவார்.

ஹிக்கரி:

மூன்று பொருள்களுக்கும் வருவோம்.

பந்து நீங்கள் சொன்ன காலத்தைச் சேர்ந்ததல்ல. குழி போட்ட மேற்பரப்புக்கு வில்லியம் டெயிலர் காப்புரிமை எடுத்தது 1905 இல். கடற்கரையில் ஆடிய 17 ஆண்டுகளும் கட்டாபேர்ச்சாப் பந்துதான். ரப்பர் நூல் சுற்றிய ஹாஸ்கெல் பந்து 1898 இல்தான் பிறந்தது, அதுவே இடமாற்றத்துக்குப் பிந்தியது. அந்தக் காலத்துப் பந்தில் சுத்தியலால் கொத்திய வெட்டுகளோ, வலைபோல் குறுக்குக் கோடுகளோ, அல்லது வெளியே புடைத்த சிறு குமிழ்களோ இருக்கும். பலவற்றில் 27, 28 என்று எடை எண் குத்தியிருக்கும். புடைப்பு என்றால் பழையதாக இருக்கலாம், குழி என்றால் பிந்தியது. கட்டாபேர்ச்சா சூட்டில் இளகும் சாமான், வெந்நீரில் போட்டுத் திரும்ப அச்சில் வார்ப்பார்கள். ஆகவே உண்மையான பழைய பந்து எப்போதாவது கிடைத்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குக்குக் கிட்ட வைக்க வேண்டாம்.

கோல் பற்றி உடனே முடிவு சொல்ல முடியாது. மரப்பிடி என்பது மட்டும் பழமைக்குச் சாட்சி ஆகாது, பிரித்தானிய விதிகளில் உருக்குப் பிடியை அனுமதித்தது 1929 இல்தான். இரும்புத் தலையின் முகத்தைப் பாருங்கள். கோடு கோடாகவோ புள்ளி புள்ளியாகவோ செதுக்கியிருந்தால் பெரும்பாலும் 1900 க்குப் பிந்தியது. வழுவழுப்பாக இருந்து, பிடி செருகும் குழல் நீளமாகவும் தடிப்பாகவும் இருந்து, குழலின் வாயில் வாள்பல் போல் வெட்டுகள் இருந்தால் 19 ஆம் நூற்றாண்டுச் சாத்தியம் உண்டு. தலையின் பின்பக்கத்தில் செய்தவரின் முத்திரை இருக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்துப் பெருப்பித்தால் தெரியும். தலையில் இலக்கம் மட்டும் பொறித்திருந்தால் பிந்திய காலம். முன்பு கிளீக், மாஷி, நிப்லிக் என்று பெயர்கள்தான்.

தபாலட்டையில் இரண்டு தேதிகள் உண்டு, அட்டை அச்சான தேதி, படம் எடுத்த தேதி. பின்பக்கம் நடுக்கோடு போட்டு ஒரு பாதி செய்திக்கும் மறு பாதி விலாசத்துக்கும் என்றிருந்தால் 1902 க்கு முன் அச்சாகியிருக்காது. ஆனால் படநிறுவனங்கள் பழைய கண்ணாடித் தகட்டை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சிட்டன. அதனால் படத்துக்குள் தேடுங்கள். வடக்கு முனையில் தூண்கள் வைத்த பழைய பாராளுமன்றக் கட்டடம் தெரிந்தால் 1930 க்குப் பிந்தியது. கடலோர வெளிச்சவீடு தெரிந்தால் 1952 க்குப் பிந்தியது. இரண்டும் இல்லாவிட்டால் பூதக்கண்ணாடியோடு தரையைப் பாருங்கள். சிறிய கொடிக்கம்பு, அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணற்பெட்டி. அப்போது மரத்தாலான டீ ஆணி கிடையாது, ஈர மணலைக் கிள்ளி வைத்து அதன் மேல் பந்தை வைப்பார்கள். அடிப்பவருக்கு மிக முன்னால் தனியாக ஒருவர் நின்றால் அவர் பந்து விழும் இடத்தைப் பார்த்து ஆட்களை எச்சரிக்கும் ஆள். கோல்களைப் பைக்குள் இல்லாமல் கக்கத்தில் அணைத்தபடி ஒரு பையன் நின்றால் 1880களாக இருக்கலாம், பை பரவலாக வந்தது அதற்குப் பிறகு.

அந்தப் பையன்களைப் பற்றி ஒரு சொல். 3 பதாகையிலும் தேசாதிபதிகளும் கழகமும்தான் வரும் போலிருக்கிறது. அந்தக் கழகங்கள் ஐரோப்பியருக்கானவை. இலங்கையர் தங்களுக்கென்று ஓரியன்ட் கழகத்தை 1894 இல் அமைத்தது அந்தச் சூழலில்தான். ஆனால் திடலில் புல் வெட்டியவர், மணல் சுமந்தவர், கோல் தூக்கியவர், பந்து தேடியவர் எல்லாம் உள்ளூர்க்காரர். போட்டி முடிவில் அவர்கள் பெயர் வராது. சுவடிக்கட்டு சொன்ன பொலிஸ் கோட்டுப் பத்தியிலும், கழகக் கணக்குப் பதிவு பார்க்கக் கிடைத்தால் கூலிப் பட்டியலிலும் தேடுங்கள். மூன்றாம் பதாகையில் பாதியை அவர்களுக்கு வையுங்கள். பெயர் கிடைக்காவிட்டாலும் வேலையை வேலையாக எழுதலாம்.

வாவிக்கரை:

பாதி அல்ல, மூன்றாம் பதாகை முழுவதும் அவர்களுக்கே என்று முடிவு செய்துவிட்டோம். பந்தைக் காட்சியிலிருந்து எடுக்கிறோம். கோலையும் தபாலட்டையையும் “பிற்காலத்தவை, ஒப்பீட்டுக்காக” என்று குறிப்போடு வைக்கலாமா? இரும்பில் துரு இருக்கிறது, துடைக்கலாமா?

ஹிக்கரி:

அப்படியே குறிப்பு எழுதுங்கள், அது நேர்மையானது. துருவுக்கு உப்புத்தாள், எலுமிச்சம்புளி, பிராசோ எதுவும் வேண்டாம், முத்திரை அழிந்துவிடும். மெல்லிய தூரிகையால் தூசைத் தட்டி, பஞ்சில் கொஞ்சம் தையல் மெஷின் எண்ணெய் தொட்டு இரும்பில் மட்டும் பூசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மரத்திலும் தோல் பிடியிலும் எண்ணெய் படக்கூடாது. கோலை மூலையில் சாத்தி வைக்காதீர்கள், பிடி வளையும். இரண்டு இடத்தில் தாங்கல் கொடுத்துக் கிடையாக வையுங்கள். கடற்காற்று வரும் கட்டடம் என்றால் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதி போட்டு, நிறம் மாறினால் மாற்றுங்கள். தபாலட்டைக்கு வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக்கூடாது. அதைவிட நல்லது, தரமான பிரதி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு அசலை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது.